வட துருவத்தில் வியாழக்கிழமை

1. திங்கட்கிழமை கிழக்கே போகக் கூடாது

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காரைக்குடியில் அந்த ஆபீஸைக் கண்டுபிடிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. போர்டு கிடையாது. ஒரு செட்டியார் வீட்டின் முன்கூடம்தான் ஆபீஸ். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், பர்மாத் தேக்குத் தூண்களைச் சுற்றி நீல ஒயர் ஓடுகிறது. நடுவில் மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றாவதன் முன்னால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், காதில் வைரத்தோடு மின்ன, மவுசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"போகாத போகாதங்கிறேன், போறான் பாரு! திங்கக்கெழமயும் அதுவுமா கெழக்க கப்பல் விடுறான். கெழக்க சூலம்டா! வெளங்குவானா இவன்?"

அவர் திட்டியது யாரையும் அல்ல. கம்ப்யூட்டரைத்தான்.

அவர் பெயர் உமையாள் ஆச்சி. வீடு அவருடையது. எங்கள் முதலாளி வள்ளியப்பன் சாருக்கு அவர் அக்கா. அந்த வீடுகளில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், ஆகவே முதலாளிக்கும் ஆச்சி, எங்களுக்கும் ஆச்சி. தொண்ணூறுகளின் கடைசியில் ஊரெல்லாம் கம்ப்யூட்டர் சென்டர் திறந்து டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, வள்ளியப்பன் சாருக்கு மட்டும் கேம் செய்து விற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. கப்பல் விட்டு, ஊர் ஊராகக் கிடங்கு போட்டு, உலகம் முழுக்க வியாபாரம் பிடிக்கும் விளையாட்டு. திரையில் உலக வரைபடம். அதன்மேல் அறுகோணக் கட்டங்கள். ஒரு நகர்வு என்பது ஒரு நாள். நாம் ஒரு கட்டம் நகர்ந்தால் கம்ப்யூட்டரும் ஒரு கட்டம் நகரும்.

படம் போடும் பொறுப்பு பாண்டிக்கு. திருப்பத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அதற்கு முன்பு கல்யாண பேனர் வரைந்துகொண்டிருந்தவன். திரையின் மேல் ஓரம் காலியாக இருக்கிறதே என்று அழகுக்காக அங்கே கிழமையைப் போட்டு வைத்திருந்தான். திங்கள், செவ்வாய் என்று சிவப்பு எழுத்தில், இரண்டு பக்கமும் மாங்காய் டிசைனோடு. அத்தனை வினைக்கும் வித்து அதுதான்.

கிழமை என்று ஒன்று கண்ணில் பட்டால் ஆச்சி சும்மா இருப்பாரா? திங்களும் சனியும் கிழக்கே போக மாட்டார். செவ்வாய், புதன் வடக்கே கிடையாது. வியாழன் தெற்கே கிடையாது. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே கிடையாது. காலண்டர் தாளின் பின்னால் போட்டிருக்கும் சூலம் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். அவர் சூலம் பார்த்து நிற்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் நாலு துறைமுகத்தைப் பிடித்துவிடும்.

அன்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆச்சி கேட்ட முதல் கேள்வி இது.

"புதுசா வந்த புரோகிராம் புள்ள நீதானத்தா? எனக்கு மட்டும் சூலம், அவனுக்கு இல்லையா? இது என்ன நாயம்?"

வள்ளியப்பன் சார் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா ஒன்று சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

"ஏம்மா ஜெசிந்தா, ஆச்சி கேக்குறாகல்ல? சூலத்தப் போட்டு விட்ரும்மா."

கணிதத்தில் முதல் வகுப்பு, அதற்குமேல் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமா. அத்தனையும் படித்துவிட்டு நான் எழுதிய முதல் உருப்படியான புரோகிராம், கம்ப்யூட்டரைச் சூலம் பார்க்க வைத்ததுதான்.

2. அமெரிக்காவுக்கு அங்குட்டுச் சுவர்

என் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பா ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் தலைமையாசிரியர். தாத்தா ஆசிரியர், அத்தை ஆசிரியை, இரண்டு மாமாக்களும் ஆசிரியர்கள். நான் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறேன் என்றதும் அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பி.எட். விண்ணப்பத்தை வாங்கிவந்து, தன் மணியான கையெழுத்தில் எல்லாவற்றையும் பூர்த்தி செய்து, திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

"தை மாசத்துக்குள்ள அந்த வேல நிரந்தரமாகணும். ஆகலையா, நீ ஒண்ணும் பண்ண வேணாம். ஒரு கையெழுத்து மட்டும் போடு."

தினமும் மாலை செபத்துக்கு அந்தப் படத்தின் முன்னால்தான் முழங்கால் போட வேண்டும். படத்துக்கு மேலே அந்த விண்ணப்பத்தின் காது தெரியும். மற்றவர்கள் ஆண்டவரைப் பார்ப்பார்கள், நான் அந்தக் காதைப் பார்ப்பேன். பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது மோசமான தொழில் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வராது. என் பொறுமையின் அளவு எனக்குத் தெரியும்.

வேலை நிரந்தரமாக ஒரே வழிதான் இருந்தது. பினாங்கிலிருந்து ராமநாதன் என்பவர் பொங்கல் கழித்து ஊருக்கு வருகிறார். நம் பக்கத்துக்காரர், அங்கே சி.டி. விற்பவர். கேம் அவருக்குப் பிடித்தால் எடுத்துக்கொள்வார், கம்பெனி நிற்கும். பிடிக்காவிட்டால் கூடத்தைக் காலி செய்து நெல் மூட்டை அடுக்கப்போவதாக ஆச்சி சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை அவர் காப்பாற்றுவார் என்பதில் எங்கள் மூவருக்கும் சந்தேகமே இல்லை.

சூலம் போட்ட மறுவாரம் ஆச்சி மறுபடி கூப்பிட்டார்.

"ஏத்தா, இங்குட்டு வா. எனக்கு ஜப்பானுக்குப் போகணும். இன்னைக்குச் சனிக்கெழம, கெழக்க போகக் கூடாது. அதான் மேக்க சுத்திக்கிட்டுப் போறேன். ஆனா அமெரிக்காவத் தாண்டுனதும் போக மாட்டேங்குதே. அங்குட்டு என்ன செவுரா?"

சுவரேதான். வரைபடத்தின் இடது ஓரம் அதோடு முடிந்துவிட்டது. ஆச்சியின் கப்பல் அந்த ஓரத்தில் முட்டி முட்டி நின்றது.

"அது... மேப் அவ்வளவுதான் ஆச்சி."

"ஒலகம் உருண்டைன்னுதான பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாக? உங்க அப்பாரு என்ன சொல்லிக் குடுக்குறாரு? சதுரம்னா?"

அப்பாவை இழுத்ததும் எனக்கும் சுருக்கென்றது. வாயை அடக்கிக்கொண்டு, இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் இணைத்துவிடலாம் என்றேன். மேற்கே போனால் கிழக்கே வரும். ஒரு மணி நேர வேலை. செய்தும் கொடுத்தேன். ஆச்சி உடனே வடக்கே போய் முட்டினார்.

"இங்கயும் செவுரு!"

உண்மைதான். ஓரங்களை ஒட்டினால் உலகம் குழாய் ஆகுமே தவிர உருண்டை ஆகாது. வள்ளியப்பன் சார் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நெசமாவே உருண்டையாப் பண்ணிரும்மா. அறுகோணத்த அப்புடியே உருண்டை மேல ஒட்டிற வேண்டியதுதான? அதுல என்ன இருக்கு?"

அதில்தான் எல்லாம் இருந்தது.

3. பரங்கிக்காயும் ஒரு கால்பந்தும்

அறுகோணம் தட்டையான தரையில் அழகாகப் பொருந்தும். ஆச்சி வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டின் தரையே அறுகோணக் கற்கள்தான், ஊசி நுழைய இடமில்லாமல் பதித்திருப்பார்கள். பாண்டி அதைக் காட்டித்தான் தைரியம் சொன்னான்.

"இதே மாதிரி உருண்டையில ஒட்டிரலாம் ஜெசி. கண்ணால பாத்துட்டா கம்ப்யூட்டர்ல போட்ரலாம்."

கண்ணால் பார்க்க ஓர் உருண்டை வேண்டுமே. ஆச்சியின் சமையலறையில் நல்ல உருண்டையாக ஒரு பரங்கிக்காய் இருந்தது. பாண்டி கிராஃப் தாளில் அறுகோணம் அறுகோணமாக வெட்டிக் கொடுக்க, நான் கோந்து தடவி ஒட்டினேன். முதல் வரிசை சரி. இரண்டாவது வரிசையும் சரி. மூன்றாவதில் தாள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. கழற்றி வேறு மாதிரி ஒட்டினால் வேறு இடத்தில் ஏறியது. எனக்குக் கைநேர்த்தி இல்லை என்று பாண்டி நினைத்தான். இவனுக்குத் தாள் வெட்டத் தெரியவில்லை என்று நான் நினைத்தேன். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லியும் விட்டோம். அன்று மத்தியானம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் அந்தப் பரங்கிக்காய் புளிக்கறியாக எங்கள் முன்னால் வந்தது. ஆச்சி தாளை உரித்துவிட்டுச் சமைத்துவிட்டார். சாப்பிட்ட எல்லோருக்கும் உதடு லேசாக ஒட்டியது.

விடை கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்த பிறகு. கோயிலுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் பங்கு இளைஞர்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இளைஞர்கள் என்று பேர், பாதிப் பேருக்குத் தொப்பை விழுந்திருக்கும். பந்து பறந்துவந்து என் காலடியில் விழுந்தது. எடுத்து எறியப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளைத் துண்டுகள் எல்லாம் அறுகோணம். கறுப்புத் துண்டுகள் ஐங்கோணம்!

அங்கேயே மண்ணில் உட்கார்ந்தேன். பைபிளுக்குள் வைத்திருந்த பேனாவை எடுத்து ஒவ்வொரு கறுப்புத் துண்டிலும் எண் போட ஆரம்பித்தேன்.

"அக்கா, பந்து!"

"இருங்கப்பா."

"அக்கா, பெனால்ட்டி அக்கா! பந்தத் தாங்க!"

"எண்ணிக்கிட்டிருக்கேன்ல? கத்தாதீக, விட்டுப்போகுது!"

பன்னிரண்டு. இரண்டாம் முறை எண்ணினேன், பன்னிரண்டுதான். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. முனை, விளிம்பு, முகம் என்று கல்லூரியில் பத்து மார்க் கேள்விக்கு நெட்டுருப் போட்டு எழுதியிருக்கிறேனே, அதே கணக்கு! அறுகோணங்களை மட்டும் வைத்து உருண்டையை மூடவே முடியாது. அறுநூறு வைத்தாலும் ஆறாயிரம் வைத்தாலும், நடுவில் சரியாகப் பன்னிரண்டு ஐங்கோணம் வந்தே தீரும். கூடாது, குறையாது. முதல் வகுப்பில் பாஸ் செய்தவளுக்கு இதைச் சொல்ல ஒரு பந்து வர வேண்டியிருந்தது. வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். நிமிர்ந்து பார்த்தால் பதினைந்து பேர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் அப்பா நிற்கிறார்.

"தலைமையாசிரியர் மக மண்ணுல உக்காந்து பந்துல நம்பர் போடுறா. நல்லா இருக்கு. எந்திரிம்மா."

அன்று மாலை செபத்தில் விண்ணப்பத்தின் காது வழக்கத்தைவிட நீளமாகத் தெரிந்தது.

4. பன்னிரண்டு மூலைகளை எங்கே ஒளிப்பது

அறுநூற்று நாற்பத்திரண்டு கட்டங்கள். அதில் அறுநூற்று முப்பது அறுகோணம், பன்னிரண்டு ஐங்கோணம். இரண்டு வாரத்தில் உருண்டை திரையில் வந்துவிட்டது. அந்தக் காலத்து மெஷினில் அது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஆச்சி அடுப்படிக்குப் போய்க் குழம்பை இறக்கிவிட்டு வருவார். ஆனாலும் சுற்றியது. முதல் தடவை சுற்றியபோது வள்ளியப்பன் சார் கைதட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விளையாட உட்கார்ந்ததும் ஆளுக்கொரு புகார். உருண்டை என்றால் பாதி உலகம்தானே கண்ணில் படும்?

"பின்னாடி பக்கம் என்ன நடக்குதுன்னே தெரியலையே. நான் இங்குட்டுப் பாக்குறப்ப அவன் அங்குட்டு என் கெடங்கப் புடிக்கிறான். முதுகுல கண்ணா இருக்கு எனக்கு?" என்றார் ஆச்சி.

திரையின் மூலையில் சின்னதாகத் தட்டை வரைபடம் ஒன்றையும் போட்டுக் கொடுத்தேன். உருண்டை வேண்டும் என்று அடம்பிடித்தவர் அதற்குப் பிறகு பாதி நேரம் அதைத்தான் பார்த்தார். அதைச் சுட்டிக்காட்டும் துணிச்சல் எங்கள் யாருக்கும் இல்லை.

பாண்டிக்கு வேறு துக்கம். பழைய சதுர மேப்பில் அவன் எப்போதும் நியூசிலாந்தில் போய்ப் பதுங்குவான். மூலை என்பதால் இரண்டு பக்கம் காவல் வைத்தால் போதும், நிம்மதியாகக் கிடங்கு கட்டி ஜெயிப்பான். உருண்டையில் மூலை ஏது? எல்லாப் பக்கமும் எதிரி வருகிறான்.

"ஒளிய ஒரு எடம் இல்லாம பண்ணிட்டீகளே ஜெசி" என்று மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான். நாலாம் நாள் ஐங்கோணக் கட்டத்தில் ஊர் கட்டினால் ஆறுக்குப் பதில் ஐந்து பக்கம்தான் காவல் என்று கண்டுபிடித்துவிட்டான். அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை.

ஆனால் ஆச்சியும் அந்த ஐங்கோணங்களைக் கவனித்துவிட்டார்.

"இது என்னத்தா, அஞ்சு மூலை மனை? மத்ததெல்லாம் லெட்சணமா இருக்கு, இது மட்டும் மூலை வெட்டுன மனை மாதிரி. அதுவும் பர்மாத் தலையில கொண்டுபோயி வச்சிருக்கே! எங்க ஐயா கொண்டு விக்கப் போன ஊருத்தா அது."

நான் வைக்கவில்லை, தானாக விழுந்தது என்றேன். தானாக விழுந்ததைத் தூக்கி வேறெங்காவது போடு என்றார். ஒன்றைத் தனியாகத் தூக்க முடியாது, பன்னிரண்டும் சேர்ந்துதான் நகரும் என்றேன். அப்படியானால் பன்னிரண்டையும் நகர்த்து என்றார்.

நகர்த்தினோம். பர்மாவை விட்டு இழுத்தால் இன்னொன்று யாராவது பங்காளி கடை வைத்திருந்த ஊரில் விழும். வள்ளியப்பன் சாரும் ஆச்சியும் உட்கார்ந்து, எந்த ஊரில் யாருடைய கிடங்கு இருந்தது என்று சொல்லச் சொல்ல, நான் உருண்டையைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். கடைசியில் வள்ளியப்பன் சார்தான் வழி சொன்னார்.

"ஒண்ண உச்சந்தலையில வச்சுரு. வட துருவத்துல யாரு மனை வாங்கப் போறா?"

வைத்தேன். வட துருவத்தில் ஒன்று, நேர் கீழே தென் துருவத்தில் ஒன்று. மீதிப் பத்தில் பெரும்பாலானவை கடலில் போயின. ஒன்று சகாராவில் விழுந்தது. இன்னொன்று பாரசீகக் கரையோரம். அங்கெல்லாம் நம் ஆட்கள் கடை போடவில்லை என்பதால் ஆச்சி விட்டுவிட்டார். துருவத்தைப் பாண்டி வெள்ளையடித்துப் பனி ஆக்கினான். பார்க்கத்தான் பனி. அங்கே கப்பல் போகக் கூடாது என்று புரோகிராமில் எழுத நான் மறந்துவிட்டேன். கணக்குப்படி அதுவும் கடல்தான்.

5. டெமோ

ராமநாதன் சார் நல்ல நேரம் பார்த்துத்தான் வந்தார். வெள்ளை வேட்டி, கண்ணாடி, கையில் ஒரு சின்ன சூட்கேஸ். ஆச்சி மூன்றாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். நாங்கள் பின்னால் வரிசையாக நின்றோம். அன்று காலைதான் அப்பா விண்ணப்பத்தைப் படத்தின் பின்னாலிருந்து எடுத்து, தூசி தட்டி, மேசைமேல் பேனாவோடு வைத்திருந்தார்.

உருண்டையைப் பார்த்ததும் ராமநாதன் சாரின் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையேப்பா! நெசமாவே சுத்துது. நான் பாத்த கேமெல்லாம் பாய விரிச்சு வச்ச மாதிரியில்ல இருக்கும்?"

"நம்ம புள்ளைக பண்ணுனதுண்ணே" என்றார் வள்ளியப்பன் சார், ஏதோ அவரே பந்தில் எண் போட்டவர் மாதிரி.

"எம் மக நியூயார்க்குல இருக்கா. பினாங்குல இருந்து அங்க ஒரு கப்பல் விடுங்க, பாப்போம்."

எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. உறைத்திருக்க வேண்டும். உருண்டையில் பினாங்குக்கும் நியூயார்க்குக்கும் குறுக்கு வழி எது? இரண்டு ஊரும் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கம். இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் தூரம். ஆக, குறுக்கு வழி தலைக்கு மேலேதான்.

போகும் ஊரைச் சொல்லிவிட்டால் போதும், சூலம் பார்த்து வழி தேடுவதைக் கம்ப்யூட்டரே செய்துகொள்ளும். கப்பல் கிளம்பியது. சீனக் கரையோரம் ஏறி, ஜப்பானைத் தாண்டி, மேலே மேலே போனது. ஆச்சி நாள் நாளாகத் தட்டிக்கொண்டே வந்தார். செவ்வாய், புதன் வந்தபோது வடக்கே சூலம் என்று கப்பல் சமர்த்தாகப் பக்கவாட்டில் ஒதுங்கியது. ராமநாதன் சார் அதைக் கவனித்துவிட்டார்.

"அட, சூலம் பாக்குதா கப்பலு?"

"பின்ன?" என்றார் ஆச்சி.

கப்பல் வெள்ளைக்குள் நுழைந்தது.

"பனிக்கட்டியில கப்பல் போகுமா?" என்று கேட்டார் அவர்.

நான் வாய் திறப்பதற்குள் பாண்டி முந்திக்கொண்டான். "வெயில் காலம் சார்."

அடுத்த திங்கட்கிழமை அது நடுத் துருவத்துக்கு வந்து சேர்ந்தது. சரியாக அந்த ஐங்கோணத்தின் மேல் வந்து நின்றது. ராமநாதன் சார் உச்சியைச் சுற்றிப் பார்க்கட்டும் என்று, செவ்வாயும் புதனும் ஆச்சி கப்பலை அங்கேயே நிறுத்தி வைத்தார். மேலே மாங்காய் டிசைனுக்கு நடுவில் கிழமை மாறியது: வியாழன்.

ஆச்சி கப்பலைக் கிளப்பினார். அதோடு சரி. திரையில் மணற்கடிகாரம் வந்து உட்கார்ந்துகொண்டது. கப்பல் அசையவில்லை. உருண்டை அசையவில்லை. மெஷினுக்குள் ஃபேன் மட்டும் ஓடும் சத்தம்.

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. நான் எழுதியது இதுதான்: "சூலம் இல்லாத திசை கிடைக்கும்வரை அடுத்த பக்கம் தேடு." வியாழக்கிழமை தெற்கே சூலம். வட துருவத்தில் நிற்கிறவனுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்குதான்! ஐந்து பக்கம், ஐந்தும் தெற்கு. கப்பல் பாவம், நான் சொன்னபடியே தேடிக்கொண்டிருந்தது. முதல் பக்கம் தெற்கு, இரண்டாம் பக்கம் தெற்கு, ஐந்தாம் பக்கமும் தெற்கு, மறுபடி முதலிலிருந்து.

"என்ன நின்னு போச்சு?" என்றார் ராமநாதன் சார்.

ஆச்சிதான் ஒரு நிமிடம் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, சாவதானமாகச் சொன்னார்.

"வியாழக்கெழமல்ல? தெக்க சூலம். உச்சியில நிக்கிறான். அங்க நின்னா எங்குட்டுத் திரும்புனாலும் தெக்குதான? எப்புடிப் போவான்?"

ராமநாதன் சார் யோசித்தார். விரலால் காற்றில் ஓர் உருண்டை வரைந்து அதன் உச்சியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் வரை சிரித்தார்.

"பிரமாதம்ப்பா! இப்புடி ஒரு மூளையா! சரி, நாளைக்கு வெள்ளி. மேக்கதான சூலம்? கப்பல் கெளம்பிரும்ல? அடுத்த நாளைத் தட்டுங்க."

ஆச்சி தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தட்டினார். மணற்கடிகாரம் அப்படியே இருந்தது.

வள்ளியப்பன் சார் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது. ஏதாவது சொல்லிச் சமாளி என்று கெஞ்சியது அந்தப் பார்வை. பாண்டி சத்தமில்லாமல் காலை நீட்டி யு.பி.எஸ். சுவிட்சைத் தடவிக்கொண்டிருந்தான். அணைத்துவிட்டு, கரண்ட் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். ஊரில் எல்லோரும் நம்புகிற பொய் அது ஒன்றுதான்.

சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் இவர் இதை வாங்கிக்கொண்டு போய் ஊரெல்லாம் விற்று, அங்கங்கே வியாழக்கிழமைகளில் கப்பல் துருவத்தில் சிக்கினால்? அந்தப் படம் கண்ணில் வந்துவிட்டது. கூடவே மேசைமேல் இருக்கும் பேனாவும் வந்தது. போகட்டும், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றியது.

"சார், அந்த வெள்ளிக்கெழம வரவே வராது" என்றேன். "கப்பல் சூலத்துக்காகக் காத்திருக்கல. தெக்கு இல்லாத பக்கத்தத் தேடிக்கிட்டிருக்கு. அது கிடைக்கப்போறதில்ல, அதனால தேடுறத நிறுத்தவும் நிறுத்தாது. மெஷின் ஹேங் ஆயிருச்சு. தப்பு என்னோடது சார்."

வள்ளியப்பன் சார் கண்ணை மூடிக்கொண்டார். ராமநாதன் சார் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க அப்பச்சி வியாழக்கெழம தெக்க போக வேண்டி வந்தா வீட்டுலயேவா உக்காந்திருந்தாரு? ரெண்டு சொட்டுத் தைலத்தத் தலையில வச்சுக்கிட்டுக் கெளம்பிருவாரே? சூலத்தப் போட்டீகளே, பரிகாரத்த எங்க?"

ஆச்சி நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

"அட ஆமா! பரிகாரத்த விட்டுட்டியேத்தா!"

எனக்கு வந்ததே கோபம்! "நீங்க பரிகாரம்னு ஒண்ணு சொல்லவே இல்லையே ஆச்சி!"

"இதக் கூடவா சொல்லணும்? தெக்கன்னா தைலம், கெழக்கன்னா தயிரு, வடக்கன்னா பாலு, மேக்கன்னா வெல்லம். ஊரு ஒலகத்துக்கே தெரியுமே!"

"எங்க வீட்டுல சிலுவை அடையாளம் போட்டுட்டுக் கெளம்பிருவோம் ஆச்சி. எனக்கு எப்புடித் தெரியும்?"

ராமநாதன் சார் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை பாண்டியும் சேர்ந்து சிரித்தான். யு.பி.எஸ். மேலிருந்து காலை எடுத்துவிட்டிருந்தான்.

"நான் சாப்புட்டு வர்றேன்" என்று எழுந்தார் அவர். "அதுக்குள்ள பரிகாரத்தப் போட்டு வையிம்மா. கப்பல் நியூயார்க் போயிச் சேந்துச்சுன்னா நான் எடுத்துக்கிறேன்."

6. தைலம்

செட்டிநாட்டு விருந்து சீக்கிரம் முடியாது என்பதுதான் என்னைக் காப்பாற்றியது. அவர் இலையில் பாயசம் விழுவதற்குள் எழுதிவிட்டேன். ஒவ்வொரு கப்பலிலும் நாலு பொருள் ஏற்றிக்கொள்ளலாம்: தயிர், பால், வெல்லம், தைலம். எல்லாப் பக்கமும் தேடியும் வழி இல்லையென்றால் அன்றைக்குரிய பொருளில் ஒரு அளவு குறைத்துக்கொண்டு கிளம்பு. பொருளும் தீர்ந்துவிட்டதா, மறுநாள்வரை நின்றுவிட்டுப் போ. கூடவே, இருக்கிற பக்கத்தையெல்லாம் ஒரு தடவை பார்த்தாயிற்று என்றால் தேடுவதை நிறுத்து. அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

பாண்டி தைலத்துக்கு ஒரு குப்பி வரைந்தான், வெல்லத்துக்கு ஓர் அச்சு வரைந்தான். பால் மாதக்கணக்கில் கப்பலில் கெட்டுப்போகாதா என்று ஆச்சி கேட்டதற்கு, கப்பல் மேல்தளத்தில் ஒரு மாட்டை வரைந்துவிட்டான். அந்த மாடு பினாங்கில் பெரிய ஹிட் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

ராமநாதன் சார் வெற்றிலை போட்டுக்கொண்டே வந்து நின்றார். கப்பல் உச்சிக்கு ஏறியது. ஆச்சி வேண்டுமென்றே வியாழன் வரும்வரை அதை அங்கேயே நிறுத்திவிட்டுக் கிளப்பினார். குப்பியில் ஒரு சொட்டுக் குறைந்தது. கப்பல் அந்தப் பக்கமாகத் தெற்கே இறங்கி, கிரீன்லாந்தை ஒட்டி, மாட்டோடு நியூயார்க் போய்ச் சேர்ந்தது. ஆச்சி என்னைக் கட்டிக்கொண்டார். அவர் வைரத்தோடு என் கன்னத்தில் குத்தியது, அதையும் நான் பொருட்படுத்தவில்லை.

"திங்கக்கெழம வாம்மா, வேல நிரந்தரம்னு ஆர்டர் அடிச்சு வச்சுர்றேன்" என்றார் வள்ளியப்பன் சார். எங்கள் வீட்டிலிருந்து ஆபீஸ் கிழக்கே இருந்தது. திங்கட்கிழமை தயிர்சாதம் கட்டிக்கொண்டுதான் போனேன். ஆர்டர் விஷயத்தில் நான் எதையும் விட்டுவைக்கத் தயாராக இல்லை.

அப்பா ஆர்டரை இரண்டு தடவை படித்தார், அதில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார், திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகினார். மேசைமேல் இருந்த பி.எட். விண்ணப்பத்தை அம்மா எடுத்துக்கொண்டு போனது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்துச் சமையலறை அலமாரியில் பார்த்தேன். நல்லெண்ணெய் டின்னுக்கு அடியில் விரித்திருந்தார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அழகாக ஒரு வட்ட எண்ணெய்க் கறை.

அந்தக் கம்பெனி பிறகு மூடிவிட்டது, கூடத்தில் கடைசியில் நெல் மூட்டையும் ஏறியது. நான் சென்னைக்குப் போய், வங்கிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் கம்பெனி ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் லூப் எழுதிக் கொண்டுவந்து காட்டினால் நான் கேட்கும் முதல் கேள்வி, "தைலம் எங்கே?" என்பதுதான். முழிப்பார்கள். ஒன்றைத் தேடு என்று மெஷினுக்குச் சொன்னால், அது கிடைக்காமலே போனால் என்ன செய்வது என்பதையும் கூடவே சொல்லி அனுப்ப வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒருத்தர் வீட்டு வழக்கத்தைப் புரோகிராமில் எழுதப் போனால், அவர் வாய்விட்டுச் சொன்னதை மட்டும் எழுதிவிட்டு வரக் கூடாது. சொல்லாமல் விட்டதைத் தோண்டிக் கேட்க வேண்டும். அவர்களுக்கு அது சொல்லவே தேவையில்லாத விஷயமாகத்தான் இருக்கும்.

விருப்ப ஓய்வு பெற்றுவிட்டேன். போன மாதம், என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு பெண் ஆபீஸிலிருந்து போன் செய்தாள். இப்போது அவள்தான் அங்கே டீம் லீடர்.

"மேடம், காலையில இருந்து சர்வர் ஹேங். இப்பத்தான் சரியாச்சு."

"என்னம்மா காரணம்?"

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "தைலம் வைக்கல மேடம்."